சிந்தாத விளக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பிள்ளை ஆசையாகக் காத்திருந்த ஒன்று வேறு யாருக்கோ போய்விட்டது, என்ன செய்வது? நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு இடம் நிறையப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. ஆனி மாதம் நிச்சயதார்த்தத்தன்று என் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, 'மாமா தாலி கட்டும்போது அத்தைக்குப் பின்னாடி நின்னு நீதான் நாத்தனார் விளக்குப் பிடிக்கணும்' என்று தம்பி சொன்னான். அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவள் நான், என் கை சும்மா இருக்காது. அதனால் விளக்கு அவளுக்கு என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காமாட்சி விளக்கை எடுத்து, எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றி, தாம்பாளத்தில் வைத்து ஹாலில் மூன்று சுற்று நடப்பாள். சிந்தினால் மறுபடி முதலில் இருந்து.

முகூர்த்தத்தன்று மேடையில் எங்கள் பெரிய அத்தை, 'சின்னப் பிள்ளை, எண்ணெயைச் சிந்திரும். பட்டுல தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?' என்று விளக்கை வாங்கி, தன் பேத்தி கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறார். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. மகள் அழவில்லை. பந்தியில் இலையில் வைத்த எதையும் தொடவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, மாமா போன் பண்ணினால் வாங்க மாட்டேன் என்கிறாள். போன வாரம் ஆல்பம் வந்தது, திறந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளிக் கொலுசு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். 'நீ செல்லம் கொடுத்துக் கெடுக்குறே' என்கிறார் என் கணவர். இது பிடிவாதமா? எப்படிச் சரிசெய்வது?

— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: பிடிவாதம் இல்லை அம்மா.

தண்ணீர் ஊற்றி நடந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிற சாயங்காலங்களில், ஒரு எட்டு வயதுப் பிள்ளை கையில் தாம்பாளத்தோடு ஹாலைச் சுற்றி வந்திருக்கிறாள். சிந்தினால் முதலில் இருந்து என்று விதி போட்டது யார்? நீங்கள் சொல்லவில்லை, மாமா சொல்லவில்லை. அவளாகப் போட்டுக்கொண்டது. எதில் அவள் கெட்டியோ, அதையே குறையாகச் சொல்லி மேடையில் விளக்கை வாங்கியிருக்கிறார்கள். 'சிந்திரும்.' நீ பழகினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவில் எட்டு வயதுப் பிள்ளை எங்கே போய் வாதாடும்?

கொலுசு எடுபடாததற்கும் இதுதான் காரணம். விளக்கு கைவிட்டுப் போனதற்குக் கொலுசு ஒருவேளை ஈடாகியிருக்கலாம். சொந்தபந்தம் அத்தனை பேர் பார்க்க 'உன்னால் முடியாது' என்று சொன்னதற்குக் கொலுசு எப்படி ஈடாகும்?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உளவியல் என்று ஒரு பாடம். எரிக் எரிக்சன் என்பவர் மனித வாழ்க்கையை எட்டுப் பருவமாகப் பிரித்ததை மனப்பாடம் செய்து எழுதினோம். அதில் நான்காவது பருவம், ஏறக்குறைய ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு வேலையைக் கொடுத்தால் உருப்படியாகச் செய்து முடிக்கிற ஆளா நான், இல்லையா என்று பிள்ளை தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்கிற காலம். அன்றைக்கு எனக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி. வகுப்பறைக்குள் போய்ச் சில வருஷம் ஆன பிறகுதான் மண்டையில் ஏறியது. உங்கள் மகளுக்கு நாலு வயதாக இருந்திருந்தால், விளக்கு வேண்டும் என்று மேடையிலேயே புரண்டு அழுதிருப்பாள், பந்தியில் ஜாங்கிரியைப் பார்த்ததும் மறந்திருப்பாள். எட்டு வயது அப்படி மறக்காது. அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும்.

இதை நான் ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்வதாக நினைக்காதீர்கள். நானும் ஒரு பெரிய அத்தையாக இருந்திருக்கிறேன்.

1994-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். ஆண்டு விழாவில் பாரதியார் வேஷத்துக்கு நாலாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்லிவைத்திருந்தேன். அவன் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துத் தலைப்பாகை தைத்திருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, கை நீளமாகத் தொங்கும், உள்ளே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. விழாவுக்கு நாலு நாள் முன்னால், மைக் செட்டும் பந்தலும் இனாமாகத் தருகிறவர் தன் மகனுக்கு அந்த வேஷம் வேண்டும் என்று கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், வேஷம் கை மாறிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கம். 'உனக்குக் குரல் பத்தலைடா' என்றேன். ஊரெல்லாம் கேட்கிற குரல் அவனுக்கு. இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, 'டீச்சர், நான் எந்த எடத்துல மெதுவாச் சொன்னேன்?' என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, ஏதோ மழுப்பியிருப்பேன். அந்த வருஷம் முழுக்க, எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் அவன் வாய்க்குள்ளேயே வாசித்தான். நான் சொன்ன பொய்யை அவன் நம்பிவிட்டான்.

ஆகவே உங்கள் வீட்டில் முதலில் திருத்த வேண்டியது அந்த ஒரு சொல். அதைத் திருத்த வேண்டியவர் உங்கள் தம்பி, ஏனென்றால் வாக்குக் கொடுத்தவர் அவர். மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது செய்யலாம். போனில் வேண்டாம், நேரில் வரச் சொல்லுங்கள். வரும்போது பொம்மை, சாக்லேட், பட்டுப் பாவாடை எதுவும் வாங்கி வர வேண்டாம். வந்து உட்கார்ந்து, 'நீதான் பிடிக்கணும்னு மாமா சொன்னேன். அது நடக்கல. நீ தினமும் பழகினது எனக்குத் தெரியாது, அம்மா இப்பத்தான் சொன்னா. எப்படி நடப்பே, காட்டுறியா?' என்று கேட்கட்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அவள் அன்றைக்கே காட்டாமல் போகலாம். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். போகட்டும், இன்னொரு நாள் வரட்டும். என்றைக்காவது தாம்பாளத்தை எடுத்தாள் என்றால் மூன்று சுற்றும் முடிகிற வரை கைதட்டக்கூட வேண்டாம், பார்த்தால் போதும்.

சில வீடுகளில் என்ன செய்வார்கள் தெரியுமா? மாப்பிள்ளை பெண்ணை மறுபடி மாலை போட்டு நிறுத்தி, பிள்ளை கையில் விளக்கைக் கொடுத்துப் போட்டோ எடுத்து ஆல்பத்தில் செருகிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பொய்ப் போட்டோ என்று அவளுக்குத் தெரியும். ஆல்பம் பீரோவிலேயே இருக்கட்டும், அவளாக எடுக்கிற அன்றைக்கு எடுக்கட்டும்.

உங்களிடமும் ஒரு கேள்வி. 'என்னால் ஒன்றும் பேச முடியவில்லை' என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை அவளிடம் சொன்னீர்களா? அன்றைக்கு அந்த மேடையில் அவளுக்கு ஆதரவாகப் பேசக்கூடியவள் நீங்கள் ஒருத்திதான். 'அம்மா அப்ப வாயைத் திறந்திருக்கணும், திறக்கல' என்று ஒரு வாக்கியம் போதும். சாமி முன்னால் கற்பூரம் அணைக்கிற மாதிரியெல்லாம் வேண்டாம். ராத்திரி தலை பின்னிவிடும்போது சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பேச அதுதான் வசதியான நேரம்.

பெரிய அத்தையை வில்லி ஆக்கிவிடாதீர்கள். பட்டுப் பாவாடை, மேடையில் சுழல்கிற ஃபேன், இடிக்கிற கூட்டம், கையில் எரிகிற விளக்கு என்று பார்த்தால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஒரு தடவை யோசித்திருப்பேன். ஆனால் அந்த யோசனையை முந்தின நாள் ராத்திரியே சொல்லியிருக்கலாம், அல்லது பேத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்து இரண்டு பேர் கையிலும் தாம்பாளத்தைக் கொடுத்திருக்கலாம். மகளிடம் பேசும்போது, 'ஆச்சிக்குத் தீன்னா பயம். உனக்குத் தெரியாதுன்னு அவங்களா நெனச்சுட்டாங்க, கேட்டிருக்கணும்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அத்தையைப் பற்றி வேண்டாம், பிள்ளை காதில் விழுந்தது அடுத்த விசேஷத்தில் சபைக்கு வந்துவிடும்.

திருக்கார்த்திகை வருகிறது. வீட்டு விளக்குப் பொறுப்பு முழுவதையும் அவளிடம் விட்டுப் பாருங்கள். 'அதுக்குப் பதிலா இது' என்று மட்டும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. பொறுப்பு என்றால் தீக்குச்சி கிழிக்கிற ஒரு நிமிஷம் இல்லை. கடைக்குக் கூட்டிப்போய் அகல் பொறுக்கச் சொல்லுங்கள், விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். புது அகலை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணே பாதி எண்ணெயைக் குடித்துவிடும். பஞ்சு திரிப்பது, எண்ணெய் அளந்து ஊற்றுவது, வாசல் படியில் எத்தனை, மாடத்தில் எத்தனை, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது எல்லாம் அவள் கணக்கு. நீங்கள் செய்ய வேண்டியது, பருத்திப் பாவாடை கட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நிற்பது. ஒரு சொட்டு சிந்தினால் 'பாத்தியா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கே சொல்ல வாய் வரும், அதனால் எச்சரிக்கிறேன்.

கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இரண்டு மாதம் தினமும் பழகிய ஒரு வேலையை, ஆபீஸில் கடைசி நிமிஷத்தில் 'உங்களால் முடியாது' என்று இன்னொருவருக்குக் கொடுத்தால், அன்றைக்கு அவர் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. குழந்தைகள் தின நாடகத்தில் கட்டபொம்மன் வேஷம் கேட்டான், மரம் கொடுத்திருக்கிறார்கள். அப்துல் கலாம் விமானப்படையில் சேர முடியாமல் போன கதையைச் சொன்னேன். 'அப்போ எனக்கு அடுத்த வருஷம் ராக்கெட் வேஷமா?' என்று கேட்கிறான். மனைவி மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகிறேன் என்கிறாள். போகலாமா?

— ஓர் அப்பா, திருப்பூர்

பதில்: பையன் பிழைத்துக்கொள்வான் சார், கவலைப்படாதீர்கள்.

கலாம் கதை உண்மைக் கதை. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் 9-வதாக வந்தார், எடுத்துக்கொண்டதோ 8 பேரை. ஆனால் அப்போது அவர் சென்னை எம்.ஐ.டி.யில் இன்ஜினியரிங் படித்து முடித்த இளைஞர். மனசு உடைந்து ரிஷிகேஷ் வரை போய், ஒரு சாமியாரிடம் நாலு வார்த்தை கேட்டுத் தேற்றிக்கொள்ளத் தெரிந்த வயது. அதோடு, அந்தக் கதையின் கடைசிப் பக்கம் நமக்குத் தெரியும், அதனால் இனிக்கிறது. உங்கள் பையன் இப்போதுதான் ஒன்பதாவது இடத்தில் நிற்கிறான். கதையை ஆறு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

'வேஷத்தில் சின்னது பெரியது கிடையாது' என்றும் சொல்லாதீர்கள். இருக்கிறது. கட்டபொம்மனுக்கு மீசை, வாள், வசனம், கைதட்டல். மரத்துக்கு அட்டை. பத்து வயதுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நாம் பேசினால் நம்மேல்தான் நம்பிக்கை போகும். 'ஆமாடா, எனக்கும் நீ கட்டபொம்மனா வரணும்னு ஆசைதான்' என்றால் பேச்சு அங்கேயே இலேசாகிவிடும்.

மிஸ்ஸைப் பார்க்கப் போகலாம், சண்டைக்கு வேண்டாம். முப்பது பிள்ளைக்கும் வேஷம் பிரிக்கிற வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எப்படிப் பிரித்தாலும் இருபத்தைந்து அம்மாக்களுக்குக் கோபம் வரும். பையனை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். வேஷத்தைத் திருப்பிக் கேட்காமல், 'அடுத்த தடவைக்கு அவன் எதைப் பழகணும்?' என்று மட்டும் கேளுங்கள். காரணம் உண்மையானதாக இருந்தால் ஒரு வாக்கியத்தில் பதில் வந்துவிடும். மழுப்பினால் மைக் செட்டு என்று புரிந்துகொள்ளுங்கள், புரிந்ததை மகனிடம் மறைக்காதீர்கள். 'உன்மேல தப்பு இல்ல' என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, அந்த மர அட்டையை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். கண்ணுக்கு ஓட்டை போடுவார்கள், மூக்குக்கு மறந்துவிடுவார்கள். இருபது நிமிஷம் மூச்சு முட்ட நின்ற மரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேரன் ஏழாம் வகுப்பு. கபடி அணியில் கேப்டன் ஆகிவிடுவான் என்று ஊரே சொன்னது, அணியிலேயே பெயர் இல்லை. அழவே இல்லை. 'பரவால்ல அப்பாயி' என்கிறான். அழாமல் இருக்கிறதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

— மன்னார்குடி

பதில்: அழாத பிள்ளை எல்லாம் உள்ளுக்குள் அழுகிறது என்று அர்த்தம் இல்லை அம்மா. சில பேருக்குப் 'பரவால்ல' என்றால் நிஜமாகவே பரவாயில்லைதான். சாப்பாடு, தூக்கம், சாயங்கால விளையாட்டு மூன்றும் பழையபடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிற்றுவலி வந்து, அது வாரக்கணக்கில் நீண்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கபடிப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். ஊர்க்காரர்கள் எடுத்தால், 'அவன் சாப்பிடட்டும், அப்புறம் பேசலாம்' என்று சொல்ல அப்பாயியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கேள்வி: டீச்சர், எனக்குப் பதினொரு வயசு. ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸ்ல எனக்குத்தான் சரஸ்வதி வேஷம்னு நெனச்சு, நானும் அப்பாவும் அட்டையில வீணை செஞ்சோம். தங்கக் கலர் பேப்பர் ஒட்டினது. ஆனா வேஷம் என் ஃபிரண்டுக்குக் கிடைச்சிருச்சு. இப்ப அவ என் வீணையைக் கேக்குறா. அவகூடப் பேசவே பிடிக்கல. பொறாமைப்படக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. நான் கெட்ட பொண்ணா? வீணையைக் கொடுக்கணுமா?

— இன்லேண்ட் லெட்டரில் ஊர் எழுத மறந்த ஒரு பெண்

பதில்: கெட்ட பொண்ணு இல்லை கண்ணு. உனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று பக்கத்து பெஞ்சுக்குப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கும் எரிகிறது. பக்கத்து வீட்டு மல்லிச் செடி என் செடியைவிட நன்றாகப் பூக்கிறது.

வயிறு எரிவது வேறு. அவள் காலைத் தட்டிவிடுவது, அவளைப் பற்றி மற்ற பிள்ளைகளிடம் ஏதாவது கட்டிவிடுவது வேறு. அதைச் செய்யாமல் இருந்தால் போதும். பேசப் பிடிக்காவிட்டால் இரண்டு நாள் பேசாமல் இரு. ஆனால் 'எனக்கு வருத்தமா இருக்கு, ரெண்டு நாள் கழிச்சுப் பேசுறேன்' என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. இல்லாவிட்டால் தான் என்ன தப்பு செய்தோம் என்று அவள் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருப்பாள்.

வீணை உன்னுடையது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அம்மா சொன்னாலும் சரி, டீச்சர் சொன்னாலும் சரி, முடிவு உன்னுடையதுதான். கூடச் செய்தவர் என்பதால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கொடுப்பதாக இருந்தால் பின்பக்கம் உன் பெயரையும் அப்பா பெயரையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கொடு, விழா முடிந்த அன்றைக்கே திரும்பி வர வேண்டும் என்றும் சொல்லிவிடு. கொடுக்க மனசு வரவில்லை என்றால் நாளைக்கே சொல்லிவிடு. அவளும் அவள் அப்பாவும் உட்கார்ந்து இன்னொன்று செய்ய வேண்டும், பசை காயவே ஒரு நாள் ஆகும்.